போதும் என்று சொன்ன இடம்

...சிலந்திக்கு வேறு இடமா கிடைக்கவில்லை, நாலாவது கேமராவின் மூக்கிலேயே வந்து குடித்தனம் வைக்க வேண்டுமா, வலை லேசாக ஆடினாலும் திருடன் திருடன் என்று அலாரம் ஊரையே கூட்டுகிறது, எல்லாம் தலைவிதி, கடை முதலாளியே ஸ்டூலில் ஏற வேண்டியிருக்கிறது... வேறு யார் இருக்கிறார்கள்? ஸ்டூலைப் பிடிக்க இருந்த, சரக்கறையைப் பார்த்துக்கொண்ட ஸ்டோர்காரரைத்தான் போன மாதம்... வேண்டாம், அதை நினைக்காதே. காப்பர் வயர் சுருள் சுருளாக மாயமானபோது சாவி அவரிடம்தானே இருந்தது, வேறு யாரைச் சந்தேகப்படுவது? பிறகு கேமரா, அலாரம், ஷட்டருக்கு இரட்டைப் பூட்டு, ராத்திரிக்கு வாசலில் காவலாள்... திருடன் கொண்டுபோனதைவிடத் திருடனுக்குப் பயந்து கொட்டியதுதான் அதிகம், மகளின் கல்லூரிக்கு வைத்திருந்தது அத்தனையும் இந்தச் சுவர்களில்தான் முழித்துக்கொண்டு நிற்கிறது, "அடுத்த வருஷம் சேர்ந்துக்கறேன்ப்பா" என்றாளே, அந்த முகம்... அப்படியும் வயர் போகிறதே! போன வாரம்கூடப் போனதே!

வலையைத் துடைத்துவிட்டு, கேமராவோடு கன்னத்தை ஒட்டி, இது எதைத்தான் பார்க்கிறது என்று முதலாளியும் பார்த்தார்... பல்பு பெட்டி அடுக்கு, வெறும் சுவர். பின்கதவு எங்கே? பின்கதவுக்காகத்தானே இதை வாங்கியதே? கதவும் தாழ்ப்பாளும் வலப்பக்கம் ஒதுங்கி ஒய்யாரமாக நிற்கின்றன. மாட்டியவனுக்குக் கண் இல்லையா? பாவம், அவன் சொன்னபடி மாட்டினான், கீழே நின்று கை காட்டியது தம்பி, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்... இன்னும்... ஆங், போதும்" என்று... அந்தப் போதும் இப்போது காதுக்குள் கிடந்து குடைகிறது. கேமரா வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவனும் அவன்தான், "ஸ்டோர்காரரை நம்பாதேண்ணா" என்று ஓதியவனும் அவன்தான்... சே, கூடப்பிறந்தவன், ஒரே தட்டில் சாப்பிட்டவன், அவன் போய்... ஏன், கூடப்பிறந்தால் கை நீளாதா? பாவி, உனக்காகவா அந்த மனுஷரைத் தலைகுனிய வைத்து அனுப்பினேன்?

"அண்ணா, என்ன இது, விழுந்து வைக்கப் போற! இரு, நான் பிடிச்சுக்கறேன்." எப்போது வந்தான்? ஸ்டூலின் ஆட்டம் நின்றுவிட்டது. அவர் கேமராவை மெல்லக் கதவுப் பக்கம் திருப்பினார், பாதிகூடத் திரும்பியிருக்காது, "போதும்ணா" என்றான் தம்பி. இன்னும் கொஞ்சம் திருப்பினார். "போதும்ணா, போதும்..." ஸ்டூல் மறுபடி ஆடியது. ஆட்டுவது அவன் கையா, இல்லை தன் கால்தானா? குனிந்து அவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்... அவர் குனியவில்லை, கேமராவையே பிடித்துக்கொண்டு நின்றார்... திருடன் யாரோ ஒருவனாக இருந்தவரைக்கும் பிடிக்க எவ்வளவு அவசரப்பட்டேன்...