சுவர்ப் பொத்தான்

கராஜ் கதவு மூன்றாவது முறையாகத் திறந்து கிடந்தபோது என் கணவன் சிக்ஸ்டன் பக்கத்து வீட்டு ஓல்லேவிடம் போய் அதன் ரிமோட்டைத் திருப்பிக் கேட்டான். நாங்கள் ஊரில் இல்லாத நாட்களில் பனி தள்ளும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளட்டும் என்று பதினோரு வருடங்களுக்கு முன் நாங்களாகவே அவருக்குக் கொடுத்தது அது. ஓல்லே ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் எடுத்து வந்து அவன் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

“பாத்தியா? ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. அதுலயே தெரியலையா?” என்றான் என்னிடம்.

முப்பது வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன். ஓய்வு பெற்ற பின் வீட்டு விளக்குகளையும் ஹீட்டர்களையும் ஒரு சின்னக் கணினியில் இணைத்து வைத்திருந்தான். இப்போது கராஜ் கதவின் முறை. தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட் போர்டு வாங்கினான். அதற்குப் பெட்டி, அவனுடைய காலி ஸ்னூஸ் புகையிலை டப்பா. அதிலிருந்து ஒரு ரிலே சுவிட்ச் வழியாக மோட்டாருக்கு இரண்டு கம்பிகள். கதவில் காந்தம், சட்டத்தில் அதை உணரும் சென்சார். சுவரில் இருந்த பழைய பொத்தானின் கம்பியையும் போர்டு வழியாகவே விட்டான். கதவு எப்போது திறந்தது, ரிமோட்டாலா பொத்தானாலா என்பதெல்லாம் போனில் வந்துவிடும். ஏணி மேல் நின்றபடி வேலை செய்த அந்த வாரம் அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்குக் கதவு திறந்ததாகப் பதிவு. சுவர்ப் பொத்தான். அது வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்குப் போகும் வாசலருகே இருப்பது. ஓல்லேவின் கை அங்கே எட்டாது.

மாலை நான் நூலகத்திலிருந்து வேலை முடிந்து வந்ததும் போனை என் முன்னால் நீட்டினான்.

“நடுவுல வீட்டுக்கு வந்தியா, குன்வோர்?”

“இல்லையே.”

“பொத்தான் தானா அமுங்காது.”

“நீதானே வீட்டுல இருந்த.”

“நான் அந்தப் பக்கமே போகல.” நான் திருடிவிட்டு மறைப்பதைப் போல என்னைப் பார்த்தான். மறுநாள் கராஜில் ஒரு கேமரா வந்தது. அதன் வீடியோக்கள் சமையலறை டேப்லெட்டில் சேரும் என்பதை இரண்டு தடவை அழுத்திச் சொன்னான். எச்சரிக்கை எனக்குத்தான் என்று புரிந்தது. அன்றிலிருந்து என் செருப்பு எங்கே கிடக்கிறது என்றுகூடக் கவனித்தான். எனக்கும் கோபம். இவன் என்னிடம் எதையோ மறைக்கிறான் என்று நினைத்தேன்.

அடுத்த வார வியாழக்கிழமை நான் திரும்பியபோது அவன் கூரைப் பனியை இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். டேப்லெட்டில் ஒரு புது வீடியோ வந்திருந்தது. அவன் இன்னும் பார்க்கவில்லை.

பழுப்புக் கம்பளிச் சட்டையில், காலில் வெறும் சாக்ஸோடு சிக்ஸ்டன் வருகிறான். பொத்தானை அழுத்துகிறான். கதவு ஏறுகிறது. வெளியே மைனஸ் பதினாறு. யாரோ வருவதாகச் சொன்னதுபோல் நான்கு நிமிடம் அங்கேயே நிற்கிறான். பிறகு மூடாமல் உள்ளே போகிறான்.

வீடியோவை அழித்தேன். பூட்ஸில் ஒட்டிய பனியோடு அவன் உள்ளே வந்தபோது என் கை மேஜைமேல்தான் இருந்தது.

“நான்தான் திறந்தேன். இன்னிக்கும், அன்னிக்கும். எனக்கே ஞாபகம் இல்ல,” என்றேன்.

“எனக்குத் தெரியும்.” அவன் தோள்கள் இறங்கின. எத்தனையோ நாள் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன உன்னைத் திட்டவா போறேன்?” பெரிய எழுத்தில் ‘கதவு’ என்று எழுதி என் காலணிகளுக்கு மேலே ஒட்டினான். ஓல்லேவிடம் ரிமோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தான். என்னைப் பற்றி அவரிடம் என்ன சொன்னானோ, அடுத்த நாள் அவர் வேலியோரம் என்னிடம் மிகவும் மெதுவாகப் பேசினார்.

“டாக்டரப் பாத்துடலாம்னு இருக்கேன். கூட வரியா?” என்று கேட்டேன்.

“இதென்ன கேள்வி? வராம?”

சுகாதார நிலையத்தில் நேரம் வாங்கியது நான்தான். போகும் வழியெல்லாம் அவனே பேசினான். இப்போதெல்லாம் நல்ல மாத்திரை இருக்கிறது, பயப்படாதே என்றான். காத்திருக்கும் அறையில் என் கோட்டையும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

நர்ஸ் கதவைத் திறந்து, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

“சிக்ஸ்டன் ஹெட்லுண்ட்?”

அவன் எழுந்திருக்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், மடியிலிருந்த என் கோட்டை மெல்ல எடுத்து, காலியாக இருந்த அடுத்த நாற்காலியில் வைத்தான்.