பீப் சத்தத்தை நிறுத்தியவள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, நான் செய்த காரியம். கண் மருத்துவமனையில் ஃபீல்டு டெஸ்ட், அதாவது பக்கப் பார்வைப் பரிசோதனை, எடுப்பது என் வேலை. கதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமைகளில். இதுவரை என் கதைகளில் வந்த பெண்கள் எல்லோரும் ரொம்ப நல்லவர்கள்.

முதல் தொடக்கம்: அந்தப் பரிசோதகருக்கு மீசை நரைத்திருந்தது. அன்று அவர் மிகவும் களைத்து

(அடித்துவிட்டேன். மீசைக்குப் பின்னால் ஒளியப் பார்த்திருக்கிறேன். களைப்பும் பொய். காலை பதினொரு மணி, டீ குடித்துவிட்டுத் தெம்பாகத்தான் இருந்தேன்.)

2

டெஸ்டுக்கு வந்த வாண்டுக்கு அப்போது ஒன்பது வயது. (அவள் அம்மா அப்படித்தான் கூப்பிட்டாள்.) கண்ணில் அழுத்தம் கூடுதல். பக்கப் பார்வை குறைய ஆரம்பித்துவிட்டதா என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்தின் முன் தாடையை வைத்து, நடுவிலுள்ள மஞ்சள் விளக்கையே பார்க்க வேண்டும். ஓரங்களில் புள்ளி மினுக்கினால் பட்டனை அமுக்க வேண்டும். கண்ணை அலையவிடக் கூடாது. விட்டால் இயந்திரம் பீப் அடிக்கும்.

பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். இது தெரியாமல் நீங்கள் என்னை மன்னித்துவிட்டால், அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம்.

3

எந்நேரமும் போனில் கேம், அதில்தான் கண் கெட்டது, இவள் எங்கே ஒழுங்காக உட்காரப் போகிறாள் என்று அம்மா புலம்பினாள். நான் எல்லாம் தெரிந்தவள் மாதிரி குறுக்கே புகுந்தேன்.

"கேம் ஆடுற பிள்ளைங்க இத நல்லாவே பண்ணுவாங்க. பாப்பா, இதுவும் கேம்தான். ஒரு புள்ளியக்கூட விடாத."

வாண்டு விடவில்லை. அவளுடைய கேமில் எதிரி எந்தப் பக்கமிருந்தும் வருவான், கண்ணைச் சுழற்றித் தேடினால்தான் பிழைக்க முடியும். இங்கேயும் தேடினாள். பீப், பீப் என்று இயந்திரம் கத்த, பிள்ளை ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டாள். வெளியே பதினான்கு பேர் காத்திருந்தார்கள். கண் அசைவைக் கண்காணிக்கும் வசதியையே அணைத்தேன். சின்னப் பிள்ளைகள் வந்தால் நாங்கள் எல்லோரும் செய்வதுதான்

("நாங்கள் எல்லோரும்" வேண்டாம். செய்தது நான்.)

ஓரத்தில் தெரியாத புள்ளிகளையும் கண்ணை ஓட்டி ஓட்டிப் பிடித்துவிட்டாள். பார்வையில் குறையே இல்லை என்று அறிக்கை பளிச்சென்று வந்தது. அடியில் 'நல்ல ஒத்துழைப்பு' என்று எழுதினேன். அதை நம்பி, டாக்டர் ஒரு வருடம் கழித்து வரச் சொன்னார்.

4

முடிவு அ: ஒன்றும் ஆகவில்லை. மூன்று பக்கம் எழுதினேன், அழகாகவே வந்தது. கிழித்துப் போட்டேன்.

முடிவு ஆ: அன்றே நான் டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொல்கிறேன். மறுபடி டெஸ்ட் எடுக்கிறோம். டாக்டரிடம் சொல்வது ஒரு நிமிட வேலை. ஏன் அந்த ஒரு நிமிடம்

(இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை.)

நடந்தது: பதினோராம் மாதமே வந்துவிட்டார்கள். வாண்டு கதவு நிலையில் இடித்துக்கொள்கிறாளாம், பக்கத்தில் வரும் சைக்கிள் தெரிவதில்லையாம். பழைய அறிக்கையைப் புரட்டிய டாக்டர், போன தடவை நன்றாகத்தானே இருந்தது, இப்படி வேகமாக முற்றிவிட்டதே என்றார். அன்று எடுத்த டெஸ்டில் இரண்டு கண்ணிலும் பக்கப் பார்வை பாதி போயிருந்தது. போனது திரும்பாது. எல்லாம் அந்தக் கேம்தான் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா போனைப் பிடுங்கி வைத்து ஆறு மாதமாகிறதாம், இரண்டு தடவை அடித்தும் இருக்கிறாராம். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பாவி.

5

உறுதி செய்துகொள்ள மறுபடி ஒரு டெஸ்ட். அறையில் அவளும் நானும் மட்டும்.

"ஆன்ட்டி, நான் இப்பல்லாம் கேமே ஆடறதில்ல. இனிமேயும் ஆட மாட்டேன். அப்ப திரும்பத் தெரியுமா?"

கேம் உன் கண்ணைக் கெடுக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்புறம் ஏன் என்று கேட்பாள்.

"தாடைய நல்லா வச்சுக்கம்மா," என்றேன்.

வைத்துக்கொண்டாள்.

அவளுக்கான பதிலை எத்தனையோ ஞாயிறுகளாக எழுதிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் என்னை நானே காப்பாற்றிக்கொண்டு விடுகிறேன். அதனால் கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். சின்னச் சின்ன வார்த்தையாக இருக்கட்டும், அவளுக்குப் பத்து வயதுதான். உன் மேல் தப்பில்லை என்பது முதல் வரி. இரண்டாவது வரியில் என்னை விட்டுவிடாதீர்கள்.