வெல்டரின் இருமல்

அன்றைக்கு வேண்டுமென்றே இருமினாரா, இருமல் தானாக வந்ததா என்பது வெல்டருக்கே தெரியவில்லை. ஆனால் ஊரில் மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பாதிப் பேருக்கு ஒரு விதமாகவும் மீதிப் பேருக்கு வேறு விதமாகவும்.

நடந்தது இதுதான். பிரார்த்தனைக் கூடத்தின் பழைய மூத்தவர் முட்டி தேய்ந்துபோய், "இனிமேல் என்னால் எழுந்து உட்கார முடியாது" என்று மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டார். புதிதாக ஒரு மூத்தவர் வேண்டும். பிரார்த்தனையைத் தொடங்கி வைப்பது, பிள்ளைக்குப் பேர் வைப்பது, செத்தவனைப் பற்றிக் கூசாமல் நாலு நல்ல வார்த்தை சொல்வது, கல்யாணத்தில் இரண்டு கைகளைச் சேர்த்து வைப்பது, எல்லாம் மூத்தவர் வேலை. அவர் இல்லாமல் அங்கே ஒரு துரும்பும் அசையாது.

மூத்தவரைத் தேர்ந்தெடுக்க அந்தக் கூடத்தில் ஒரு முறை உண்டு. கை தூக்குவது, சீட்டுப் போடுவது எல்லாம் கிடையாது. யாராவது எழுந்து ஒரு ஆளைச் சொல்வார். சொன்ன மாத்திரத்தில் விளக்குக்காரர் விரல் நீள மெழுகுவர்த்தி ஒன்றைப் பற்ற வைப்பார். அது எரிந்து அடங்கும்வரை எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த ஆள் வேண்டாம் என்று நினைக்கிறவர் ஒரு இருமல் இருமினால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. விளக்குக்காரர் திரியை ஊதிவிடுவார். சொன்ன பேரைத் திரும்ப வாங்குவது மட்டும் நடக்காது. ஒன்று மெழுகு முடிய வேண்டும், இல்லை இருமல் விழ வேண்டும். ஒருத்தரை ஒருத்தர் ஏசிக்கொள்ளாமல் காரியம் முடியட்டும் என்று எந்தப் புண்ணியவானோ செய்துவைத்த ஏற்பாடு. அந்தப் புண்ணியவான் வெல்டிங் வேலை பார்த்தவன் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

முதலில் பேக்கரிக்காரரைச் சொன்னார்கள். அவர் வெல்டருடைய மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். மெழுகுவர்த்தி ஒழுங்காகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க வெல்டர் ஒரு கோழிப்பண்ணைக்கு ஜி.ஐ. பைப்பில் கேட் அடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பைப்பில் நெருப்பு பட்டால் துத்தநாக மேல்பூச்சு எரிந்து வெள்ளைப் புகை கிளம்பும். அது நெஞ்சுக்குள் போய் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும். மெழுகு முக்கால்வாசி உருகிய நேரத்தில் அந்தப் புகை நெஞ்சில் அரித்தது. அதே நேரம் பார்த்து மனதில் ஒன்று ஓடியது: 'இந்த ஆளா? பன்னுக்குள்ள காத்தை அடைச்சு விக்கிற ஆளா எனக்கு மூத்தவர்?'

நெஞ்சும் மனசும் சேர்ந்து அரித்தால் மனுஷன் என்ன செய்வான்? இருமிவிட்டார். அதுவும் சின்ன இருமல் இல்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"இருமியாச்சு! அடுத்த பேரு!" என்று, அந்தப் பதவிமேல் கண் வைத்திருந்த லாரி ஷெட்காரரின் ஆட்கள் குதித்தார்கள்.

"அது புகை இருமல்! கணக்குல வராது!" என்று பேக்கரிக்காரர் ஆட்கள் எகிறினார்கள்.

உடனே லாரி ஷெட்காரரைச் சொன்னார்கள். மெழுகுவர்த்தியில் நெருப்பு ஒட்டுவதற்கு முன்பே பேக்கரி கோஷ்டி மொத்தமும் இருமியது. தெருவில் போன ஒருத்தர், உள்ளே ஏதோ மருத்துவ முகாம் நடக்கிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றாராம்.

வெல்டரின் சங்கடம் எங்கே இருந்தது என்றால், அந்த லாரி ஷெட்காரர் மகனுக்குத்தான் அவர் தன் ஒரே மகளைப் பேசி முடித்திருந்தார். கல்யாணம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. கையைச் சேர்த்து வைக்க மூத்தவர் இல்லை.

மறுநாள் காலை பட்டறைக்குப் பேக்கரிக்காரர் வந்தார். சட்டையெல்லாம் மாவு. வெல்டர் ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டு முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மாப்ள, சுத்தி வளைச்சுப் பேச எனக்கு நேரமில்ல. அடுப்புல ரொட்டி இருக்கு. அது தானா வந்த இருமல்தான?"

"புகை மச்சான்…"

"ஆங்! அதைத்தான் கூடத்துல எழுந்து நின்னு சொல்லுங்கறேன். ஒரு வார்த்தை. நீ சொல்லலேன்னா கல்யாணத்துக்குத் தாய்மாமன் வர மாட்டான். கேக்கும் வராது."

"கேக்குக்கு முன்பணம் வாங்கிட்டீங்களே மச்சான்."

"மனசு உடைஞ்சு நிக்கறேன், நீ முன்பணத்தைப் பேசற!"

அவர் போன சூடு ஆறுவதற்குள் லாரி ஷெட்காரர் வந்து இறங்கினார். வெல்டரை இழுத்து இறுகக் கட்டிக்கொண்டார். வெல்டர் மேலிருந்த கிரைண்டரின் இரும்புத் தூள் தன் வெள்ளைச் சட்டையில் ஒட்டியதைக்கூடப் பொருட்படுத்தவில்லை.

"சம்பந்தி, உங்க மனசாட்சி இருமிச்சு பாருங்க, அது இருமல்!"

"அது நெஞ்சு சம்பந்தி."

"மனசாட்சி வேற எங்க இருக்கு, முட்டியிலயா? இதோ பாருங்க. சனிக்கிழமை மறுபடி கூடறப்போ நீங்க எழுந்து 'தெரியாம இருமிட்டேன்'னு சொன்னா, அது என் மேல இருமின மாதிரி. என் மேல இருமினவர் வீட்டுல நான் எப்படிச் சம்பந்தம் வச்சுக்கறது? கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டியதுதான்."

வேண்டுமென்றே இருமினேன் என்றால் கல்யாணத்துக்குத் தாய்மாமன் இல்லை. தானாக வந்தது என்றால் கல்யாணமே இல்லை. பாதி அடித்த கேட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பிறகு ஒரு யோசனை தோன்றியது. மூன்றாவது மனுஷனிடம் விட்டுவிடலாம். படித்தவர், கூடத்துக்கு வராதவர், யார் பக்கமும் சாயாதவர். நேரே டாக்டரிடம் போனார்.

டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்தார். "எங்க, இருமுங்க."

வெல்டர் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "வெளிய யாராவது இருக்காங்களா டாக்டர்?"

"ஏன்?"

"இல்ல, அப்புறம் இதையும் பஞ்சாயத்துக்கு எடுத்துக்குவாங்க."

டாக்டர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அசல் புகை இருமல். மூக்கைக் கட்டிக்கிட்டு வேலை செய்ங்கன்னா கேக்கறதில்ல. மருந்து தரேன்."

"அது தெரியும் டாக்டர். அன்னிக்கு வந்த இருமலை நான் வேணும்னு இருமினேனா, இல்ல அதுவா வந்துச்சா? அதைச் சொல்லுங்க."

டாக்டர் குழாயைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தார். "உங்களுக்குத் தூக்க மாத்திரையும் எழுதறேன்" என்றார்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அங்கே நிலைமை இன்னும் மோசம். வெல்டருடைய மனைவி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. அவள் போடுகிற ஒரு அதட்டலில் ரிவர்ஸ் வருகிற லாரி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். எந்த வண்டிக்கு எந்த ஆட்கள் என்று முறை வைத்துப் பிரித்துக் கொடுப்பாள். அதில் கூடப்பிறந்தவன், பக்கத்து வீட்டுக்காரன் என்ற பேச்சே கிடையாது. அண்ணனுடைய மாவு மூட்டையானாலும் முறை வந்தால்தான் இறங்கும். முந்த நினைத்தவன் வண்டி சாயங்காலம்வரை வெயிலில் காயும். கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் வேலை செய்கிறவர்கள். மீதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்.

அப்படிப்பட்ட வாய் அந்த இருமலிலிருந்து புருஷனுக்கு மட்டும் பூட்டிக் கிடந்தது.

"உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்றாள் மகளிடம். வெல்டர் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க."

"கேட்டுச்சும்மா. எனக்கு நெஞ்சுலதான் கோளாறு, காதுல இல்ல."

"எங்கண்ணன் மேல இருமின நெஞ்சு எப்படிப்பட்ட நெஞ்சுன்னு கேளு."

மகள் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவள் முகம் வீங்கியிருந்தது. "அப்பா, எனக்கு யாரு மூத்தவர்னாலும் ஒண்ணுதான். யாராவது வந்து கையைச் சேர்த்து வச்சாப் போதும். அவங்கப்பா தள்ளிப்போடணும்னு சொல்றாராம். இவங்க ரெண்டு பேரும் சண்டையை முடிக்கறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சுடும்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். வெல்டருக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மறுபடியும் கூடம் கூடியது. இந்தத் தடவை இரண்டு பக்கமும் ஆயத்தமாக வந்திருந்தார்கள். லாரி ஷெட்காரர் தன் ஆட்களுக்கெல்லாம் இருமல் மிட்டாய் வாங்கிக் கொடுத்திருந்தார். தன் பேரைச் சொல்லும்போது சொந்தக்காரனே தெரியாமல் இருமித் தொலைக்கக் கூடாதல்லவா? பேக்கரிக்காரர் தன் ஆட்களுக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. தொண்டை வறண்டு தயாராக இருக்கட்டும் என்று.

பேக்கரிக்காரரைச் சொன்னார்கள். இந்தப் பக்கம் இருமியது. லாரி ஷெட்காரரைச் சொன்னார்கள். அந்தப் பக்கம் இருமியது. சரி, பொதுவாக ஒரு ஆள் என்று தையல்காரரைச் சொன்னார்கள். அவர் தைத்துக் கொடுத்த சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்று நாலு மூலையிலிருந்தும் இருமினார்கள். வாத்தியாரைச் சொன்னார்கள். அவரிடம் படித்தவர்கள் இருமினார்கள். "பழைய மூத்தவரையே தூக்கிக்கிட்டு வந்துடலாம்" என்றார் ஒருத்தர். அவருக்கும் எவனோ இருமினான். ஏன் என்று கேட்கக் கூடாது, அதுதான் முறை. விளக்குக்காரர் தீப்பெட்டியும் கையுமாக அடுத்த பேருக்குக் காத்து நின்றார்.

"எல்லாத்துக்கும் காரணம் இவரு இருமல்!" என்று பேக்கரிக்காரர் கையை நீட்டினார். "எழுந்து சொல்லச் சொல்லுங்க. வேணும்னே இருமினாரா இல்லையா?"

"சொல்லுங்க சம்பந்தி!" என்றார் லாரி ஷெட்காரர். "சொல்லிட்டு ஞாயித்துக்கிழமையைப் பத்தி யோசிங்க!"

கூடமே வெல்டரைத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கம் மகள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அவர் மனைவி, இரும்புக் கம்பி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வெல்டர் எழுந்தார். இத்தனை நாள் அடக்கி வைத்தது பொங்கியது.

"எனக்குத் தெரியாதுய்யா! நெஞ்சுக்குள்ள யாரு என்ன பண்றாங்கன்னு நான் போய்ப் பார்த்தேனா? உங்க ரெண்டு பேருக்கும் கடவுளும் வேண்டாம், என் பொண்ணும் வேண்டாம். அந்த நாற்காலி வேணும். முறை வச்சு ஒரு காரியம் பண்ணத் தெரிஞ்ச ஆளு இந்தக் கூடத்துல ஒருத்தராவது உண்டா? பேசாம என் பொண்டாட்டியை மூத்தவராக்கிட்டு எல்லாரும் மூட்டை தூக்கப் போங்க!"

கோபத்தில் வந்த வார்த்தைதான். உட்காரப் போனார். சர்ரென்று சத்தம் கேட்டது. விளக்குக்காரர் மெழுகுவர்த்தியைப் பற்ற வைத்துவிட்டிருந்தார்.

"யோவ், நான் சும்மா…" என்று வாயெடுத்தவர் அப்படியே நிறுத்தினார். பேர் விழுந்தாயிற்று. திரும்ப வாங்க முடியாது.

கூடத்தில் முதலில் ஒரு சலசலப்பு. பிறகு அதுவும் அடங்கியது. வெல்டருடைய மனைவி மெல்லத் திரும்பி ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள். சும்மா பார்த்தாள், மார்க்கெட்டில் காலையில் ஆட்களை எண்ணுகிற பார்வை. மூட்டை தூக்குகிறவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். லாரி ஷெட்காரர், திங்கட்கிழமை தன் வண்டிகள் எந்த வரிசையில் நிற்கும் என்று யோசித்தார். போகட்டும், மூத்தவருக்குச் சம்பந்தி என்பதும் ஒரு பதவிதானே? பேக்கரிக்காரருக்கும் அதே கணக்கு. சொந்தத் தங்கச்சி மேல் எந்த அண்ணன் இருமுவான்? அந்த லாரிக்காரன் வராமல் இருந்தால் சரி.

மெழுகு பாதி உருகியது. அப்போதுதான் வெல்டருக்கு நெஞ்சில் அரித்தது.

முதலில் லேசாக, எறும்பு ஊர்கிற மாதிரி. எச்சிலை விழுங்கினார். எறும்பு தன் குடும்பத்தைக் கூட்டி வந்தது. கண் கலங்கியது. மேல்துண்டை வாயில் திணித்தார். தோள் தூக்கிப் போட்டது. மெழுகு இன்னும் சுண்டு விரல் அளவுக்கு இருந்தது. இப்போது இருமினால் போச்சு. அண்ணன் மேல் இருமியதற்கே சோறு மகள் வழியாக வந்தது. இவள் மேலேயே இருமினால் சோறே வராது. நாளைக்குக் கல்யாணமும் வராது.

பேக்கரிக்காரர்தான் முதலில் பார்த்தார். சத்தம் காட்டாமல் நகர்ந்து வந்து, மாவு பிசைகிற கையால் வெல்டரின் முதுகை நீவிவிட்டார். இந்தப் பக்கம் லாரி ஷெட்காரர் பையில் கையை விட்டு ஒரு இருமல் மிட்டாயை எடுத்தார். அந்த அமைதியில் மிட்டாய்க் காகிதம் மொரமொரவென்று சத்தம் போட்டது. இது இருமலில் சேருமா என்று விளக்குக்காரர் திகைத்துப் பார்த்தார். லாரி ஷெட்காரர் கண்ணை உருட்டினார். மச்சான் துண்டை உருவிவிட்டுத் தாடையைப் பிடித்துத் திறக்க, சம்பந்தி மிட்டாயை உள்ளே போட்டார். ஒரு வாரமாக ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்காத இரண்டு பேர், ஒரே வாயில் சந்தித்துக்கொண்டார்கள்.

திரி சாய்ந்தது. புகைந்தது. அணைந்தது.

வெல்டர் இருமினார் பாருங்கள். அவரோடு சேர்ந்து கூடம் மொத்தமும் இருமித் தீர்த்தது. அத்தனை பேரும் அடக்கி வைத்திருந்தார்கள்.

அந்த இரைச்சல் ஓயும்முன் புது மூத்தவர் வாய் திறந்தாள். "போதும்! நாளைக்குக் கல்யாணம். நாற்காலி எல்லாம் தூசி பிடிச்சுக் கிடக்கு. அண்ணே, நீங்க இந்தப் பக்கம் தூக்குங்க. சம்பந்தி, நீங்க அந்தப் பக்கம். முறை வச்சு. நடக்கட்டும்."

இரண்டு பேரும் தூக்கினார்கள்.

பிறகு அவள் புருஷனிடம் நேராகத் திரும்பினாள். "ஏங்க, மருந்து குடிச்சீங்களா?"

அந்த இருமலுக்குப் பிறகு அவருக்கு நேரடியாக வந்த முதல் வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் வந்தார், கேக்கோடு. லாரி ஷெட்காரர் கிரைண்டர் தூள் படாத சட்டையில் வந்தார். புது மூத்தவர் மகளின் கையை ஒரு கையிலும் மருமகனின் கையை மறு கையிலும் எடுத்தாள். மகளின் விரல்களை அவள் கட்டைவிரலால் மெல்ல நீவியதை வெல்டர் மட்டும் பார்த்தார். ஒரு அதட்டலில் லாரியை நிறுத்துகிறவள். அதைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சில் அரித்தது. அரித்தது எதனால் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டது.

ஒரு இருமல்.

மாப்பிள்ளைக்கு முகத்தில் ஈயாடவில்லை. பேக்கரிக்காரர் லாரி ஷெட்காரரைப் பார்த்தார், லாரி ஷெட்காரர் விளக்குக்காரரைப் பார்த்தார்.

மூத்தவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. "அது சும்மா இருமல்" என்றாள். "சும்மா இருமல் எதுலயும் சேராது. இனிமே அதுதான் முறை." இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து, ஒரு அழுத்து அழுத்தினாள்.