இரட்டைத் தையல்

ஒரே உறையில் எத்தனை பேரின் பாஸ்போர்ட் விண்ணப்பங்களை வேண்டுமானாலும் போட்டு அனுப்பலாம். சேர்த்துத் தைத்துவிட்டால் மட்டும் எல்லோரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். திண்டுக்கல் தையல்காரர் அருளப்பனுக்கு இது தெரியாது. குண்டூசி குத்தினால் காகிதம் கிழியும் என்று, தன்னுடையதையும் மனைவி ஞானசௌந்தரியுடையதையும் மகள் அமலியுடையதையும் மெஷினில் கொடுத்து, ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டார்.

பாஸ்போர்ட் ஒன்றுதான் வந்தது. படத்தில் அப்பாவின் மீசை, அம்மாவின் தோடு, அமலியின் கண்ணாடி.

"மீசை நல்லா விழுந்திருக்கு" என்றார் அருளப்பன்.

"அப்பா! வெளிநாட்டுல படிக்க சீட் கிடைச்சது எனக்கு. வியாழக்கிழமை ஃபிளைட். இப்போ வகுப்புல மூணு பேரும் போய் உக்காரணுமா?"

"நான் பின்பெஞ்சுல இருந்துக்கிறேன்டி" என்றாள் அம்மா. "உங்கப்பாதான் தூங்கிருவாரு."

வாதம் என்று வந்துவிட்டால் அமலிக்குச் சோறு தண்ணி வேண்டாம். மறுநாள் காலையிலேயே இருவரையும் இழுத்துக்கொண்டு பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஒரு டோக்கனும் ஒரு நாற்காலியும் கொடுத்தார்கள். அம்மா உட்கார்ந்தாள்.

"ஒரே ஆள்னா, நேத்து நானும் அம்மாவும் சண்டை போட்டது எப்படி சார்?"

"தனக்குத் தானே பேசிக்கிறவங்க தினமும் வர்றாங்கம்மா" என்றார் அதிகாரி.

"சரி, எனக்குத் தலை வலிச்சா இவங்களுக்கும் வலிக்கணுமே?"

"வலிக்குமே" என்றாள் அம்மா. அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்.

"அம்மா, நீ எந்தப் பக்கம்?" அமலி மேசையைத் தட்டினாள். "தைச்சதுதானே சார்? தைச்சதைப் பிரிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

அதிகாரி யோசித்தார். எதிலும் இல்லை. பாஸ்போர்ட்டின் நடுத் தையலைப் பிரிக்கக் கத்தரிக்கோலை எடுத்தார்.

"அப்படிப் பிடிக்காதீங்க சார், தாள் போயிரும்" என்று அருளப்பன் அதை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு நூலாக நெம்பி எடுத்தவர், கடைசி இழையில் கையை நிறுத்தினார். "இதையும் எடுத்துட்டா நீ தனியாத்தான் போகணும், பாப்பா."

"அதுக்குத்தானேப்பா இவ்வளவும்."

அவர் வெட்டினார். மேசையில் நான்கு பாஸ்போர்ட்டுகள் கிடந்தன.

மூன்றில் அவரவர் முகம். நான்காவதில், அமலியைவிடச் சற்று மூத்த ஒரு பெண்.

"தையலுக்குன்னு உள்ளே கொஞ்சம் ஓரம் விட்டிருப்பேன், பிரிச்சதும் அது மிஞ்சிருச்சு" என்றார் அருளப்பன். அதிகாரி நான்குக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது அந்தப் பெண் அமலியின் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள் ஞானசௌந்தரி.

"எல்லாரும் வரட்டும்னு இருந்தேன்." பிறகு அமலியைப் பார்த்தாள். "நீ நிம்மதியாப் போ. இவங்களை நான் பாத்துக்கிறேன்."

"ஜன்னலோரக் கட்டிலை எடுத்துக்கோ" என்றாள் அமலி. "லீவுக்கு நான் வந்தா காலி பண்ணிரணும்."

"அதெப்படி? எனக்கு மட்டும் நியாயம் கிடையாதா?"

அமலி பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.