க்ருஸ்தால் மைதானத்தில் ஏப்ரல் பனி

ஏப்ரல் பத்தாம் தேதி காலையில் தைசியா யெகோரொவ்னா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். வாசலில் நின்ற கார்களைக் காணவில்லை. வரிசையாக வெள்ளைக் குவியல்கள்தான் தெரிந்தன. முழங்கால் அளவுக்குப் பனி. இன்னும் கொட்டிக்கொண்டே இருந்தது.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்குக் கால்பந்துச் சங்கத்தின் ஆய்வாளர் வருகிறார். மைதானத்தைப் பார்த்து அவர் சரி என்றால்தான் லிபோவ்ஸ்க் நகரத்தின் க்ருஸ்தால் அணி மறுபடி தொழில்முறை அணி ஆகும். மைதானம் தைசியாவின் பொறுப்பு. தேநீர்கூடக் குடிக்காமல் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஊரின் கண்ணாடி ஆலையில் மூன்று உலைகளும் எரிந்த காலத்தில் க்ருஸ்தால், நாட்டின் இரண்டாம் நிலைப் போட்டியில் ஆடிய அணி. ஆட்டத்துக்கு எட்டாயிரம் பேர் வருவார்கள். இரண்டு உலைகள் அணைந்தன. அணியும் படிப்படியாக இறங்கியது. ஆறு வருஷத்துக்கு முன்னால் தொழில்முறைத் தகுதியும் போய், மாவட்ட ஆட்டங்களில் உருண்டுகொண்டிருந்தது. இப்போதைய கோல் காப்பாளர் பல் வைத்தியர். தடுப்பு ஆட்டக்காரர்களில் இரண்டு பேர் தீயணைப்புப் படைக்காரர்கள். ஆனாலும் மராத் பயிற்சியாளராக வந்த மூன்றாவது வருஷம், போன இலையுதிர் காலத்தில், மாவட்டக் கோப்பையை அடித்து, மறுபடி மேலே ஏறும் வாய்ப்பையும் வாங்கிவிட்டார்கள்.

தைசியா முன்பு ஆலையின் கண்ணாடிக் குடிலில் வெள்ளரி வளர்த்தவள். குடிலை மூடியபோது, போக்கிடம் இல்லாமல் மைதானத்துக்கு வந்தாள். பந்தாட்டம் அவளுக்கு ஒன்றும் புரியாது. புல் புரியும். போன ஆகஸ்டில் மைதானம் முழுக்க அவளே விதைத்திருந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது நகராட்சியின் டிராக்டர் முன்பக்கத் தகட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவன் ப்ரோஹோர், அவளோடு பள்ளியில் படித்தவன், அவளை இன்னும் தாஸ்யா என்றே கூப்பிடுகிறவன். தைசியா நேரே போய் வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"ஏ தாஸ்யா, தள்ளு! ரெண்டு மணி நேரத்துல வழிச்சுத் தள்ளிட்டுப் போயிர்றேன்."

"தள்ளுவ, தள்ளுவ. பனியோட சேர்த்து என் புல்லையும் தள்ளுவ. கீழ மண்ணு இளகிக் கூழாட்டம் கெடக்கு. உன் சக்கரம் ஏறுச்சுன்னா நாளைக்கு வர்றவருக்கு உருளைக்கிழங்குத் தோட்டத்தைத்தான் காட்டணும்."

"அப்ப எப்படி எடுக்கப் போற? ஊதியா?"

"கையால."

ப்ரோஹோர் எஞ்சினை அணைத்துவிட்டுச் சிரித்தான். "கால்பந்து மைதானம் முழுக்கவா? ஒரு நாள்லயா?"

அதற்குள் மராத் ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டான்.

"தைசியா யெகோரொவ்னா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஆளுங்க வரலைன்னா என்ன செய்றது?"

போன மாவட்ட ஆட்டத்துக்கு வந்தவர்கள் நூற்றுப்பத்துப் பேர். அதில் பாதி ஆட்டக்காரர்களின் சொந்தக்காரர்கள். இருந்தும், "வரலைன்னா பழி என்மேல. எழுதியே தர்றேன்" என்றாள்.

மராத் பனியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "ப்ரோஹோர், வண்டியை வெளிய எடு" என்றான். பிறகு ஊரில் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஃபோன் போட ஆரம்பித்தான்.

ஒன்பது மணிக்குப் பனி கொட்டுவது நின்றது, ஆட்டக்காரர்களும் வந்தார்கள். பல் வைத்தியர் அன்றைய நோயாளிகளையெல்லாம் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவிட்டு வந்திருந்தார். பதினெட்டுப் பேர், பதினெட்டு மண்வாரிகள். பத்தரை மணிக்குத் தைசியா நிமிர்ந்து பார்த்தபோது ஒரு மூலையில் மேசை விரிப்பு அகலத்துக்குப் புல் தெரிந்தது. தப்புப் பண்ணிவிட்டோம் என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லாமல் வாரிக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு ஆலையிலிருந்து குப்பி தரம் பிரிக்கும் பெண்கள் வந்தார்கள், காலைப் பணி முறையில் பாதிப் பேர் அனுமதி வாங்கிக்கொண்டு. அப்புறம் ஆற்றிலிருந்து மீன் பிடிக்கிறவர்கள் வந்தார்கள். உறைந்த ஆற்றில் துளை போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் கூட்டம் அது. அவரவர் சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அந்த வண்டிகள்தான் காப்பாற்றின. சக்கரம் இல்லை, புல் மேல் வழுக்கிக்கொண்டு போயின.

"மராத்து!" என்று ஒரு தாடிக்காரர் கத்தினார். "மேல ஏறிப் போயித் தோத்துக்கிட்டே இருந்தீங்கன்னு வை, இந்தப் பனி மொத்தத்தையும் உன் வீட்டு வாசல்ல கொண்டாந்து கொட்டிருவோம்!"

"மாடியிலதான் இருக்கேன். நாலாவது மாடி. லிஃப்டும் கெடையாது" என்றான் மராத்.

தைசியா நடுவில் நின்று கத்திக்கொண்டே இருந்தாள். "கடைசி ரெண்டு விரக்கடையை விட்டுருங்க, நான் துடைப்பத்தால தள்ளிக்கறேன்! ஏ சிவப்புத் தொப்பி, குத்தாதே, வழி!" ப்ரோஹோர் வேலிக்கு வெளியே சேர்ந்த மலையை டிராக்டரால் ஆற்றுப் பக்கம் தள்ளினான். நடு நடுவே இறங்கி வந்து, அவள் கொடுத்த சூடான தேநீரை வாங்கிக் குடித்துக்கொண்டு, "ஊதியே எடுத்துட்டியேடி" என்றான்.

பொழுது சாய்கையில் மைதானத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மீதியை மறுநாள் காலையில் முடித்தார்கள்.

ஆய்வாளர் சொன்னபடி இரண்டு மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், சளி பிடித்திருந்தது. மைதானத்தைச் சுற்றி நடந்தார், கோல் கம்பங்களை அளந்தார், நடுவில் நின்று காலால் அழுத்திப் பார்த்தார்.

"மஞ்சளா இருக்கே. உயிரோட இருக்கா?"

தைசியா குனிந்து, கத்தியால் கையளவு மண்ணைப் பெயர்த்து அவரிடம் நீட்டினாள். அடியில் வெள்ளை வேர்கள் நூல் நூலாகத் தொங்கின. "மூணு வாரம் வெயில் அடிக்கட்டும். அப்புறம் வந்து பாருங்க" என்றாள்.

அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். குளியலறைக் குழாய்களில் நாலில் வெந்நீர் வரவில்லை, ஜூலைக்குள் சரி செய்ய வேண்டும் என்று எழுதினார். அதற்குக் கீழே, மைதானம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். மூவாயிரம் பேர் வந்தார்கள். முதல் பாதியில் எதிரணி ஒரு கோல் போட்டது. இடைவேளைக்கு அப்புறம் தீயணைப்புப் படைக்காரன் ஒருவன் தலையால் முட்டிச் சமன் செய்தான். பத்து நிமிஷம் மிச்சம் இருக்கையில் நடுவர் க்ருஸ்தாலுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தார். எங்கிருந்தோ ஒரு பெண் குரல் கத்தியது:

"டாக்டர், பயப்படாதீங்க! வலிக்காமப் புடுங்குங்க!"

பல் வைத்தியர் இடப்பக்கம் பாய்ந்தார். பந்து அவர் முட்டியில் பட்டு வெளியே போனது.

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடிந்த பிறகும் யாரும் உடனே எழுந்து போகவில்லை. மராத் வேலியோரம் வந்து தைசியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினான்.

"நல்ல ஆட்டமா மராத்?" என்று கேட்டாள் அவள். "எனக்குத் தெரியலை. கத்திக் கத்தித் தொண்டை போச்சு, அது மட்டும் தெரியுது."