புதர் வரைக்கும் ஒரு துணை

சுனாமிக்கு மறு வருஷம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு அட்டை வந்தது. குடி, பீடி, புகையிலை எதுவானாலும் ஐந்து நிமிஷம் பேசி விடவைக்கும் அட்டை. ஆண், பெண், மீனவர், உப்பளத்துக்காரர் எல்லாருக்கும் அதே ஐந்து நிமிஷம். எழுதிய புண்ணியவான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதியிருப்பார். நான் நர்ஸ், நோயாளிகளுக்கு அதை வாசிப்பது என் வேலை. மரக்காணத்தில் எனக்குப் பேச வேறு ஆளும் இல்லை, அதனால் நன்றாகவே வாசித்தேன்.

சவரியம்மாள் உப்பளத்தில் கூலி வேலை செய்பவள், நாற்பது வயது. கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு. புகையிலையை விடாவிட்டால் புற்றுநோயாகலாம் என்று சொல்லி டாக்டர் என்னிடம் அனுப்பினார்.

"ஆசை வந்தா ஒரு சொம்பு தண்ணி குடிங்கக்கா" என்று அட்டையில் இருந்தபடி சொன்னேன். தலையாட்டிப் போனவள், மூன்று வாரம் கழித்து வரவேண்டிய நாளில் வரவில்லை. கோபத்தோடு குடையை எடுத்துக்கொண்டு நானே உப்பளத்துக்குப் போனேன்.

வரப்பில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அருக்காணி என்பவளின் சுருக்குப்பையிலிருந்து ஆளுக்கொரு கிள்ளு புகையிலை போய்க்கொண்டிருந்தது. சவரியம்மாள் மட்டும் நாலு பாத்தி தள்ளித் தனியாக இருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"திரும்பப் போட ஆரம்பிச்சிட்டீங்களா?"

"ஐயோ, மாதா சத்தியமா தொடல சிஸ்டர். வாசனை பட்டா கை போயிடும்னுதான் தள்ளி உக்காந்திருக்கேன்."

"அப்புறம் ஏன் வரல?"

"நீங்க சொன்னதுல பாதிதானே செஞ்சேன். தண்ணி குடிக்கலீங்க." குரலைத் தாழ்த்தினாள். "ஒதுங்க ஏது எடம்? அதோ, அந்த வேலிக்காத்தான் பொதர்தான். மத்தியானம் ஒரு வாட்டி எல்லாரும் சேந்து போவோம், ஒருத்திக்கு ஒருத்தி காவல். மொத ரெண்டு நாள் குடிச்சேன். நேரங்கெட்ட நேரத்துல கூப்பிட்டா யார் வருவா? தனியாப் போனா லாரிக்காரனுங்க சிரிக்கிறானுங்க. தண்ணி குடிக்காம வாய் காயுதுன்னுதான் சிஸ்டர் நாங்க அதைப் போடுறதே."

ஏட்டுச்சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் ஒருத்தியைத் தாகத்திலும் போட்டு, கூட்டத்திலிருந்தும் பிரித்திருந்தது. வெட்கமாக இருந்தது. என் பாட்டிலை நீட்டினேன். ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு புதருக்குப் போனோம். குடையை விரித்துப் பிடித்து, லாரிகளைப் பார்த்து நின்றேன்.

திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஊருக்கு வந்த நாள் முதல் யாரும் என் கையைப் பிடித்ததில்லை.

அருக்காணியிடம் கேட்டேன். "காலைல பத்து மணிக்கு ஒருத்தி இவங்க கூடப் பொதருக்குப் போகக் கூடாதா?"

"போனா மேஸ்திரி ரெண்டு பேரையும் வேலைய விட்டு நிப்பாட்டிடுவாரு சிஸ்டர்."

"நாளைக்கும் வர்றீங்களா?" என்றாள் சவரியம்மாள்.

"நாளைக்கு வானூர்ல கேம்ப்க்கா."

"அதுக்கு மறுநாளு?"

நான் குடையை மடக்கினேன்.

"பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டுப் பெண்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள். அருக்காணி நகர்ந்து இடம் கொடுத்தாள், பையை நீட்டினாள். சவரியம்மாள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

ஓடிப்போய்த் தட்டிவிட்டிருக்கலாம். தட்டிவிட்டு, நாளைக்கு அவளோடு யாரை அனுப்புவேன்?