பூஜ்யம் கிலோமீட்டர் ஓடிய வண்டி

பல் செட் செய்பவர் தன் க்ரூஸர் பைக்கை வாங்கிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. நீண்ட சாலைகளில் காலை நீட்டிச் சாய்ந்து போவதற்கென்றே செய்த வண்டி அது. இவர் அதில் வீட்டிலிருந்து லேபுக்கும் லேபிலிருந்து வீட்டுக்கும்தான் போய்வந்தார். ஒரு நடைக்குப் பதின்மூன்று கிலோமீட்டர். அகலமான ஹேண்டில்பார் இரண்டு கார்களுக்கு நடுவே நுழையாது. ஸ்கூட்டர்காரர்கள் சல்லென்று புகுந்து போக, இவர் மட்டும் சிக்னலில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். லேபில் அந்த வண்டிக்குக் ‘கட்டில்’ என்று பெயர்.

தகுதிச் சான்றிதழைப் புதுப்பிக்க ஒருநாள் மனைவியோடு பரிசோதனை நிலையத்துக்குப் போனார். வாசலில் நுழையும்போது 99,999 என்றிருந்த மீட்டர் மெல்ல உருண்டு ஐந்து பூஜ்யங்களாக நின்றது. இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆய்வாளர் குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

“வண்டி ஓடவே இல்லையே.”

“ஓடியிருக்கு சார். ஒரு லட்சம் முடிஞ்சு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கு.”

“மீட்டர் பூஜ்யம்னு சொல்லுது. நீங்க லட்சம்னு சொல்றீங்க. நான் மீட்டரைத்தான் எழுதணும். ஓடாத வண்டிக்கு, ஓடத் தகுதின்னு எப்படி எழுதுறது?”

“அப்ப நாங்க எப்படி சார் இங்க வந்தோம்?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறேன்.”

இவர் சீட்டைக் காட்டினார். அதில் இவருடைய உருவம் பள்ளமாகப் பதிந்திருந்தது.

“உக்காந்தா பதியும். ஓட்டணும்னு இல்ல” என்றார் ஆய்வாளர்.

மனைவி பொறுமை இழந்து கணுக்காலைக் காட்டினாள். “சைலன்சர் சுட்ட தழும்பு இது. ஓடாத வண்டியா சுட்டுச்சு?”

“நிக்கிற வண்டியும் சுடும்மா.” அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே உதவத்தான் பார்த்தார். “மீட்டர்ல ஒண்ணாவது காட்டுங்க. கையெழுத்துப் போட்டுடறேன்.”

“இதோ, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்துடறேன்.”

“சான்றிதழ் இல்லாம ஓட்டக் கூடாது.”

முன்சக்கரம் உருண்டால் மீட்டர் நகரும் என்பது நல்லவேளையாக இவருக்கு நினைவு வந்தது. இன்ஜினை அணைத்து, இருநூறு கிலோ வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். மனைவி பின்னாலிருந்து கைகொடுத்தாள். வளாகத்தை மூன்று முறை சுற்றுவதற்குள் இருவருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது.

“என்னை எங்கயாவது தூரமா கூட்டிட்டுப் போறேன்னீங்களே, இதுதானா அது?” என்றாள் மனைவி.

இவருக்குச் சிரிப்பு வந்து கை தளர்ந்தது. வண்டி சாயப் பார்த்தது. தன் முறைக்காகக் காத்திருந்த லாரி டிரைவர் ஓடி வந்து பிடித்தார். பிடித்த கையோடு அவரும் தள்ளினார். அலுவலக ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. ஏழாவது சுற்றில் ஆய்வாளரே இறங்கி வந்து, மீட்டருக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார்.

“வருது, வருது! விட்டுடாதீங்க! இன்னும் கொஞ்சம்!”

ஒன்று வந்தது. ஜன்னல்களில் கைதட்டினார்கள். ஆய்வாளர் பல் செட் செய்பவரைக் கட்டிப் பிடித்துவிட்டு, சட்டென்று விலகி, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு எழுதினார்: ‘ஓடிய தூரம்: ஒரு கிலோமீட்டர். நிலை: புதியது.’

“புது வண்டி. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு நாப்பது ஸ்பீடைத் தாண்டாதீங்க” என்று எச்சரித்து அனுப்பினார்.

இவர் முப்பதிலேயே போனார். வழியில் மனைவி வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு பெட்டி இனிப்பு வாங்கினாள். இரண்டை எடுத்துக்கொண்டு மீதியை இவரிடம் கொடுத்தாள். அவளை வீட்டில் இறக்கிவிட்டு, லேபில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் பல் செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் இவர் அதை நீட்டினார்.

“என்ன விசேஷம்?” என்றார் முதலாளி.

“புது வண்டி சார்.” சான்றிதழைக் காட்டினார்.

முதலாளி அதைப் படித்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “அப்ப பழைய வண்டிக்கு என்னய்யா ஆச்சு?”

இவர் இனிப்புப் பெட்டியை அவர் பக்கம் நீட்டினார்.

“அது ஓடவே இல்லையாம் சார்.”